டிராகனுக்கு விட்டுக்கொடுத்த முறை

கொழுந்தனுக்கு ஓட்டை என்று பெயர் வைத்தது அவள். அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தது கொழுந்தன். இரண்டும் ஒரே மத்தியானத்தில் நடந்தவை.

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. கொழுந்தன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. வீட்டிலிருந்த ஒரே விளையாட்டு பாம்பும் ஏணியும். அவன் காய் பெரிய பாம்பின் தலைக்கு வந்து சேர்ந்தது. இறங்க மாட்டேன் என்றான். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ‘பாம்பின் தலையில் வந்து நிற்பவர் வால் வரை இறங்க வேண்டும்’ என்று அச்சடித்திருந்தது.

“நான் நிக்கல அண்ணி. படுத்திருக்கேன்” என்றான். காயைச் சாய்த்துத்தான் வைத்திருந்தான்.

அவள் கோபப்படவில்லை. எழுந்துபோய்ப் பேனா எடுத்து வந்து ‘நிற்பவர்’ என்பதை அடித்துவிட்டு ‘இருப்பவர்’ என்று எழுதினாள். “ஓட்டை எங்க இருக்குன்னுதான் உன் கண்ணு போகும்போல” என்றாள். அவன் திருத்தத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நுழைய இடமில்லை. “சரியான தராசா இருக்கீங்களே” என்று சொல்லிவிட்டு வால் வரை இறங்கினான்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டதே இல்லை. விளையாட மட்டும் செய்தார்கள்.

தராசுக்கு லிஃப்ட் கம்பெனியில் பரிசோதகர் வேலை. புதிதாக மாட்டிய லிஃப்டானாலும் பழுது பார்த்த லிஃப்டானாலும் அவள் போய்ப் பார்த்துத் ‘தேறியது’ என்று சொன்னால்தான் ஆள் ஏறலாம். வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏற்றி, எப்போது மணி அடிக்கிறது, எப்போது கதவு மூட மறுக்கிறது என்று பார்ப்பாள். லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் கட்டடத்தின் தரையும் ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டவே ஒட்டாது. பாரம் ஏறினால் கொஞ்சம் கீழே, இறங்கினால் கொஞ்சம் மேலே. அரை விரல் வரை விடுவாள். அதற்கு மேல் போனால் தேறாது. அரை விரல் பிசகு காலுக்குத் தெரியும், ஆளுக்குத் தெரியாது என்பது அவள் கணக்கு. லிஃப்டைப் பற்றி அவளுக்குப் பெரிய சந்தேகம் எதுவும் கிடையாது. சந்தேகமெல்லாம் ஏறுகிறவர்கள் மேல்தான். எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், எட்டுப் பேரும் ஒரு பீரோவும் என்று படிப்பார்கள்.

ஓட்டை வளர்ந்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆனான். வேறு என்ன ஆக முடியும்.

அந்தக் கற்பனை விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் நடத்துநர். குகை, மழை, சத்திரம், கொள்ளைக்கூட்டம், டிராகன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, வைத்தியன், திருடன். தன் முறை வரும்போது என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எல்லோரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு சுற்று. விதிகளுக்கு ஒரு மூலநூல் உண்டு. ஓட்டை கல்லூரி நண்பர்களோடு ஆடப் போனான். நாலு வாரத்தில் அவர்கள் அவனுக்குத் தெரியாமல் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அவன் மூலநூலைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்தான்.

தராசு நடத்துநரானாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானங்கள் சாப்பாட்டு மேசையில்தான். அவள் கணவர் ஆடமாட்டார். பக்கத்து அறையில் படுத்தபடி, யார் செத்தது என்று அவ்வப்போது கேட்பார்.

மூலநூல் ஒன்றுதான். துணைநூல்கள்தான் தொல்லை. மூலநூலில் இல்லாத ஆயுதம், இல்லாத மந்திரம், இல்லாத பிராணி என்று யாராவது எழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதுகிறவருக்குத் தன் வாள்தான் ஒசத்தி. அந்த வாளை மேசைக்குக் கொண்டுவந்தால், வைத்திருப்பவன் ஒருவனே எல்லாவற்றையும் வெட்டுவான், மற்ற மூன்று பேர் பிஸ்கட் தின்பார்கள். இதற்குத் தராசு வைத்திருந்த பெயர் சாய்வு. ஊரில் துணைநூல் போடுகிற பதிப்பாளர் ஒரே ஒருவர். கல்யாணப் பத்திரிகையும் தினசரிக் காலண்டரும் அடிக்கிற அச்சகம் அவருடையது. நடுவில் சும்மா கிடக்கிற நேரத்தில் இதையும் அடிப்பார். முதல் மூன்றும் கவிழ்ந்தன. ஆடின மேசைகளில் சண்டை. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்று தராசின் சாப்பாட்டு மேசையில் குட்டையாக இருந்த காலுக்கு அடியில் முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் புத்தகம் எதையாவது சமமாக வைத்தது அங்கே மட்டும்தான் என்று ஓட்டை சொல்வான்.

அதற்கப்புறம் பதிப்பாளர், எந்தக் கையெழுத்துப் பிரதி வந்தாலும் முதலில் தராசிடம் அனுப்பினார். அவள் ஒன்றையும் தேற்றவில்லை.

அவளுடைய முறை எளிது. கணக்குப் போடமாட்டாள். ஓட்டை சாப்பிட வரும்போது, பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து புது விதியை வாசிப்பாள். ஓட்டை மென்றுகொண்டே கேட்பான். விதி நல்லதாக இருந்தால் மென்றுகொண்டே இருப்பான். எங்காவது மெல்லுவது நின்றால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ‘கேடயம் வைத்திருப்பவர் தான் பயப்படும் ஒன்றிடமிருந்து அடி வாங்கினால் பாதி வலிதான்’ என்று ஒரு விதி. வாய் நின்றது. அந்தச் சனிக்கிழமை அவனுடைய வாள்வீரன் எதற்கெல்லாம் பயப்படுவான் என்று சொல்ல ஆரம்பித்து, புலி, கயிறு, சூப், வண்ணத்துப்பூச்சி, செவ்வாய்க்கிழமை, தன்னுடைய சொந்த வாள் என்று போய்க்கொண்டே இருந்தான். உலகத்திலேயே பெரிய கோழை. யாராலும் கொல்ல முடியவில்லை. கணவர் இதற்கு வாய்ப் பரிசோதனை என்று பெயர் வைத்திருந்தார்.

பல் டாக்டரின் புத்தகம் வந்தது அப்போதுதான்.

பல் டாக்டர் அதைப் பத்து வருஷமாக எழுதியிருந்தார், நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவில், மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில். ஒரு மலை, ஒரு குகை, ஒரு டிராகன். மிருகங்களின் பற்களைப் பற்றி நிறைய இருந்தது. கையெழுத்துப் பிரதியை அவரே கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பதிப்பாளர் சொல்லிவிட்டாராம்: இதுவும் கவிழ்ந்தால் இனிமேல் காலண்டர் மட்டும்தான், விளையாட்டுப் புத்தகமே கிடையாது.

“நீங்க தேறியதுன்னு யாருக்கும் சொன்னதில்லைன்னு கேள்விப்பட்டேன் மேடம்” என்றார்.

“லிஃப்டுக்குச் சொல்லியிருக்கேன் டாக்டர்.”

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அவளுக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. டிராகனை எல்லாப் பக்கத்திலும் மரியாதையாக எழுதியிருந்தார். ‘டிராகன் குகையினுள் எழுந்தருளியிருப்பார். காலடி கேட்டால் விழித்துக்கொள்வார். தன் முறை வந்தால் தீ உமிழ்வார். உமிழ்ந்த களைப்பில் அடுத்த சுற்று முழுவதும் உறங்குவார்.’ வாசிக்கும்போது, குகைக்குள் போகும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும்போலத் தோன்றியது.

ஓட்டைக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். அவன் வாய் முன்னைப்போல இருக்கிறதா என்று தராசுக்குச் சந்தேகம். பழைய கேடய விதியை முதலில் வாசித்துப் பார்த்தாள். நின்றது. சரியாகத்தான் இருந்தது. பிறகு பல் டாக்டரின் புத்தகத்தை வாசித்தாள். மென்றான். மலை முடிந்தது. மென்றான். ஆயுதங்கள் முடிந்தன. ‘விட்டுக்கொடுத்தல்’ என்று ஒரு விதி வந்தது: ‘எந்தப் பாத்திரமும் தன் முறையை மற்றொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.’ அவன் மென்றுகொண்டே, இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி என்றான். டிராகன் வந்தார், போனார். அவன் கை கழுவ எழுந்தான்.

“என்ன, ஒண்ணுமே இல்லையா?” என்றாள்.

“சுத்தமா இருக்கு அண்ணி. போரடிக்குது” என்றான்.

அவள் பதிப்பாளருக்குப் போன் செய்து ஒரே ஒரு சொல் சொன்னாள். அன்று லிஃப்ட் வேலைக்குப் போன இடத்தில், தேவையில்லாமல் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தாள்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை பல் டாக்டரை அழைத்து, அவர் முன்னாலேயே ஒரு ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. வழக்கமாக வருகிற ஆட்கள் ஊரில் இல்லை. ஓட்டையின் மனைவி, சனிக்கிழமைதோறும் இவர் எங்கே போகிறார், அப்படி என்னதான் செய்கிறார் என்று தானும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவள் துணிக்கடையில் வேலை செய்கிறவள். முப்பது துணியைப் பிரிக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போகிறவர்களையும் வாசல் வரை வந்து வழியனுப்புகிறவள். தன் அக்காவையும் அக்கா கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அக்கா, வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய்த் தேய்க்காத பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். அக்கா கணவர், அதாவது ஓட்டைக்குச் சகலை, பஸ் கண்டக்டர். குரலே எழும்பாது. அவர் சொல்லும் நிறுத்தம் யாருக்கும் கேட்காமல், பாதிப் பேர் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குவார்களாம்.

தராசு விளையாட்டை விளக்கினாள். தான்தான் நடத்துநர் என்றாள்.

சகலை நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த ரூட்டுங்க?”

இது வேறு நடத்துநர் என்று விளக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினாள். மலை ஏறினார்கள். குகைக்குள் போனார்கள். டிராகன் விழித்தார், வாயைத் திறந்தார். பல் டாக்டர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, உள்வரிசைப் பற்களை நினைவிலிருந்தே சொன்னார். முதல் முறை ஓட்டையின் மனைவிக்கு.

அவள் எதிரில் இருந்த விதிகளை மரியாதையாகப் படித்தாள். வெட்டலாம், எரிக்கலாம், ஒளியலாம். எதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் ஒன்றைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“அக்கா, நீ போயேன்.”

“நான் எப்படிப் போறது? அவர் இருக்கும்போது?” என்றாள் அக்கா. தன் கணவருக்குக் கொடுத்தாள்.

சகலை இருமினார். மச்சினி முதன்முதலாக விளையாடுகிறாள், அவளை விட்டுவிட்டுத் தான் போவது நன்றாக இராது என்றார். மச்சினி, சின்னவள் நான் முந்துவதா என்றாள். அக்காவிடம் வந்தது. அக்கா, நடத்துநருக்குக் கொடுக்கலாமா, பாவம் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார் என்று கேட்டாள். நடத்துநர் எடுக்கக்கூடாது என்றதும் மறுபடியும் கணவருக்கே போனது. டீ ஆறியது. டிராகனின் முறை வர வேண்டுமானால் இவர்கள் முறை முடிய வேண்டும். முடிகிற வழியாக இல்லை. டிராகன் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப நேரம் தெறந்து வச்சிருந்தா தாடை பிடிச்சுக்கும்” என்றார் பல் டாக்டர் கவலையாக.

ஓட்டைக்குத் தாங்கவில்லை. யாருக்கும் வேண்டாமென்றால் தனக்குக் கொடுக்கச் சொன்னான். மூன்று பேருக்கும் பெரிய நிம்மதி. தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவனுடையது ஒன்று, வந்தது மூன்று. நாலு தடவை தொடர்ந்து வெட்டினான். பத்து வருஷத்து டிராகன், திறந்த வாயை மூடாமலே செத்துப்போனார்.

பக்கத்து அறையிலிருந்து கணவர், யார் செத்தது என்று கேட்டார். 

தராசு கொழுந்தனைப் பார்த்தாள். “தம்பி. இந்த விதியை வாசிச்சப்போ நீ சாப்பாடு கேட்ட.”

“ஆமா.”

“நாலு முறை ஒரே ஆளுக்கு வந்து சேரும்னு உனக்குத் தோணவே இல்லையா?”

ஓட்டை நிஜமாகவே யோசித்தான். “யாரு அண்ணி குடுப்பாங்க?” என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை. எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தால் ஆயிரம் வழி சொல்லியிருப்பான். கொடுப்பார்கள் என்ற பக்கமாக அவன் புத்தி போனதே கிடையாது. இத்தனை வருஷமாக அவள் வைத்திருந்த கருவி பேராசையை மட்டும்தான் அளந்திருக்கிறது. பெருந்தன்மை ஏறினால் அதில் மணி அடிக்காது.

அவன் மனைவி முகம் சுருங்கிப்போய்த் தராசைப் பார்த்தாள். “நாங்க ஏதாச்சும் தப்பா விளையாடிட்டோமாக்கா?”

“இல்லம்மா. நீங்கதான் சரியா விளையாடினீங்க. அதான் பிரச்சனை.”

பல் டாக்டர் தன் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். அந்த விதியை எடுத்துவிட முடியுமா என்று தராசு மெதுவாகக் கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்தார். அது ஒன்றுதான் தன் கண்ணால் பார்த்து எழுதியது என்றார். “என் கிளினிக்ல வெளியில உக்காந்திருக்காங்க பாருங்க, கூப்பிட்டா ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க. நீங்க போங்க, பரவாயில்ல நீங்க போங்க. அவ்வளவு மரியாதை. ஒரு பெரியவரு சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாரு மேடம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.”

“அது பயத்துல டாக்டர்” என்றான் ஓட்டை.

பல் டாக்டர் திகைத்துப்போனார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

“அப்ப அவங்க வரிசை எப்படித்தான் நகரும்?” என்று தராசு கேட்டாள்.

உதவிக்கு இருக்கிற நர்ஸ் வந்து, யாருக்கு விட்டுக்கொடுத்தார்களோ அவர் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்விடுவார் என்றார். அதற்கப்புறம் அவர் யாருக்கும் கொடுக்க முடியாது.

தராசு பேனா எடுத்தாள்.

பதிப்பாளருக்குப் போன் போட்டார்கள். பக்கமெல்லாம் கட்டி முடித்தாயிற்று, இனி ஒன்றும் நகர்த்த முடியாது என்று அவர் கத்தினார். கத்தி முடித்த பிறகு, அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு வேண்டுமானால் இடம் பண்ணலாம், டாக்டர் வரைந்த கடைவாய்ப்பல் படத்தைச் சின்னதாக்க வேண்டும் என்றார். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார். தராசு ஒரு வரி எழுதினாள். ‘ஒரு சுற்றில் ஒருவர் ஒரு முறையைத்தான் பெறலாம்; பெற்றவர் அதைத் தானே ஆடியாக வேண்டும்.’

மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும் என்று பல் டாக்டர் கேட்டுக்கொண்டார். “இப்ப அவர் உயிரோட இருக்கார்தானே?” என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

ஓட்டையின் மனைவி வழக்கம்போல அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதைக் கணவரிடம் தள்ளப் பார்த்தாள். முடியாது, ஆடியாக வேண்டும் என்றாள் தராசு. அக்கா பகடையை ஏதோ சூடான பாத்திரம்போல எடுத்து விட்டெறிந்தாள். அவளுடைய மந்திரக்காரி டிராகனின் மூக்கைப் பொசுக்கினாள்.

“இது நான் பண்ணதா?” என்றாள் அக்கா. தன்னுடைய சொந்த முறையை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாக நடந்தது. டிராகன் தீ உமிழ்ந்தார். சகலையின் வாள்வீரனுக்கு மீசை போனது. டிராகன் களைத்துத் தூங்கினார். தூங்குகிறவரை அடிப்பது முறையா என்று ஓட்டையின் மனைவி கேட்டாள், கேட்டுக்கொண்டே அடித்தாள். எழுந்தார். கூட்டாளிகள் பின்வாங்கிக் குகை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டபோது, சகலையிடமிருந்து யாரும் கேட்டிராத ஒரு குரல் கிளம்பியது.

“உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எடம் காலியா கெடக்கு!”

அக்கா தன் கணவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

தராசுக்கு நெஞ்சு லேசானது. ஒருவரும் பிஸ்கட் தின்னவில்லை. இல்லை, ஓட்டை மட்டும் தின்றுகொண்டிருந்தான். அவள் பழக்கத்தில் அவன் வாயைப் பார்த்தாள். நின்றிருந்தது.

“சொல்லு” என்றாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“வாயைப் பாத்துட்டேன். சொல்லு.”

அவன் பிஸ்கட்டை விழுங்கினான். நாம் ஏன் உள்ளே வந்தோம் என்று கேட்டான். குகைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு என் முறையை டிராகனுக்கு விட்டுக்கொடுத்தால்? பெற்றவர் ஆடியாக வேண்டும். அவருக்குத் தெரிந்தது தீ உமிழ்வதுதான். வெறும் குகைக்குள் உமிழ்வார். அடுத்த சுற்று முழுக்கத் தூங்குவார். அப்புறம் சாவகாசமாக உள்ளே போய் வெட்டலாம்.

தராசு தன் வரியை மறுபடி படித்தாள். கதவை அவளே திறந்துவிட்டிருந்தாள்.

“மற்றொருவருக்குன்னு போட்டிருக்கு” என்றாள். “டிராகன் ஒருவர் கிடையாது. அது ஒண்ணு. அஃறிணை.”

ஓட்டை புத்தகத்தைப் புரட்டி அவள் முன்னால் வைத்தான். “விழித்துக்கொள்வார். உமிழ்வார். உறங்குவார். மரியாதை குடுத்தது நான் இல்ல அண்ணி.”

எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் காது சிவந்துபோயிருந்தது. ‘உமிழ்வார்’ என்பதை ‘உமிழும்’ என்று மாற்றினால் தீர்ந்தது என்றாள் தராசு. எல்லாப் பக்கத்திலும் மாற்ற வேண்டும், அதற்குப் பதிப்பாளர் ஒப்ப மாட்டார் என்றார் அவர். அவர் ஒப்புக்கொண்டாலுமே, என்று சொல்லி நிறுத்தினார்.

“பத்து வருஷப் பழக்கம் மேடம். இன்னைக்கு அவரைப் போய் அதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

தராசு பேனாவை மூடினாள். தேறவில்லை என்று சொல்வது அவளுக்குச் சுலபம். இத்தனை தடவை சொல்லி நாக்கு பழகியிருந்தது. சொன்னால் பல் டாக்டர் எழுந்து, நன்றி சொல்லி, கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போவார். பதிப்பாளர் காலண்டர் அடிப்பார். அவள் எதிரில் சகலை, ஆட்டம் எப்போது தொடரும் என்ற ஆவலில், பகடையை உள்ளங்கைக்குள் குலுக்கிக்கொண்டே இருந்தார். மேசை ஆடவில்லை.

“டிராகனுக்கு யாரோட முறையைக் குடுப்ப?” என்று ஓட்டையிடம் கேட்டாள்.

“இவங்க யாராவது…” என்று அவன் திரும்பினான்.

“என்னுதைத் தர மாட்டேங்க. நான் இந்தத் தடவை கண்ணுல அடிக்கப்போறேன்” என்றாள் அவன் மனைவி. அக்கா தன் பகடையைக் கைப்பைக்கு அருகில் நகர்த்திக்கொண்டாள். சகலை கேள்வியே காதில் விழாததுபோல இருந்தார். அவருக்கு வசதியாக இருந்தது.

“அப்ப என் முறையைத்தான் குடுக்கணுமா?” என்றான் ஓட்டை.

“ஆமா.”

“நான் அந்தச் சுற்று முழுக்கச் சும்மா உக்காந்திருக்கணும்?”

“ஆமா தம்பி.”

அவன் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. தராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“தேறுச்சாம்மா?” என்றார் பதிப்பாளர் எடுத்ததும்.

“தேறியது. அரை விரல் பிசகு இருக்கு.”

“அப்படின்னா?”

“ஏறலாம்னு அர்த்தம். அடிங்க.”

பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். தராசு டிராகனை மறுபடி குகைக்குள் படுக்க வைத்து, எல்லோரையும் வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். “இப்ப குடு பாப்போம்” என்றாள் கொழுந்தனிடம்.

ஓட்டை பகடையைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். முறையைக் கொடுத்துவிட்டால் அது போய்விடும், திரும்ப வராது, அப்படித்தானே என்று கேட்டான். அப்படித்தான் என்றாள். பாதி முறையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்றாள். அவன் நெற்றியில் வியர்த்தது. நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடினான். வாய் திறந்தது. ஆனால் சொல் வரவில்லை.

பல் டாக்டருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். எழுந்து அவன் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

“ஒண்ணும் ஆகாது” என்றார். “ஒரு நிமிஷம்தான்.”